சைதாப்பேட்டையில் சிவப்பைத் தேடிய டாக்டர்

இந்த முறை நம் காலாண்டிதழுக்குச் சொத்து வரி பற்றி எழுதுவதாகத்தான் செக்ரட்டரி சாரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குள் பி பிளாக் பால்கனிகளில் பூச்சி வந்துவிட்டது. சொத்து வரி அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது, மன்னிக்கவும்.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதமாக நம் வாட்ஸ்அப் குரூப்பில் படம் படமாக வருகிறது. புரோமிலியட் என்று சொல்லி நர்சரியில் நல்ல விலை கொடுத்து வாங்கிவந்த அழகுச் செடிகள். நடுவில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ பூ மாதிரி நிற்குமே, அவைதான். அவற்றின் இலை இடுக்கில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. அது மாவுப்பூச்சி. அதே சமயம் நம் பின்புறக் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கும் சப்பாத்திக்கள்ளிப் புதரிலும் வெள்ளைப் பஞ்சு. போன செயற்குழுக் கூட்டத்தில், கள்ளியிலிருந்துதான் பூச்சி பால்கனிக்கு ஏறுகிறது, கடுமையான மருந்து அடித்துப் புதரையே ஒழித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தீர்மானம் ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி வரும்.

இரண்டும் ஒரே பூச்சி அல்ல என்பது என் கட்சி. சோதிப்பது சுலபம். கள்ளிமடலில் இருக்கும் பஞ்சை ஒரு குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் நசுக்குங்கள். தாள் ரத்தம் பட்டது போலச் சிவந்துவிடும். சிறுவயதில் கோலியனூரில் நாங்கள் இதை நகத்தில் பூசிக்கொண்டு மருதாணி என்று ஏமாற்றியிருக்கிறோம். பால்கனிப் பூச்சியை நசுக்கினால் பிசுபிசுப்பு வரும், அந்தச் சிவப்பு வராது.

இந்தச் சிவப்புக்காகவே ஒரு டாக்டர் சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் பாடுபட்டார். அவர் பெயரில் நுங்கம்பாக்கத்தில் ஒரு தெரு இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது சில வருடம் தினமும் அந்த ஆண்டர்சன் ரோடு வழியாகத்தான் கிளைக்கு நடந்து போவேன். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் சர்ச் இருக்கிறதே, அந்தப் பாதிரியார் பெயர்தான் இதற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஜான் ஆண்டர்சன், கல்விப் பணி செய்தவர், பிந்தைய காலத்தவர். தெருவுக்குப் பெயர் தந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற வைத்தியர். நான் பி.காம். படித்தவன். செடி கொடி, பூச்சி எல்லாம் ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்டதுதான். ஆனாலும் இந்த மனிதரின் கணக்கு என்னை விடவில்லை.

ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-ல் ஸ்காட்லாந்தில், எடின்பரோவை அடுத்த லாங் ஹெர்மிஸ்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். எடின்பரோவில் வைத்தியம் படித்துவிட்டு, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கப்பல் வைத்தியராகச் சேர்ந்தார். ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்த சண்டையிலும் போய் வந்தார். 1760-களில் சென்னையில் கம்பெனியின் உதவி அறுவை வைத்தியராக அமர்ந்தார். அதன் பிறகு நிரந்தரமாகத் தன் ஊருக்குத் திரும்பவே இல்லை. படிப்படியாக உயர்ந்து, சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைக்கே தலைவராக, பிசிஷியன் ஜெனரல் என்ற பதவியில் உட்கார்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த காலம் நல்ல காலம் அல்ல. நம் செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரம் முழுக்க ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்ட இடம். 1780-ல் ஹைதர் அலி படை வந்தது. அடுத்தாற்போல் சென்னைச் சுற்றுப்புறத்தில் பெரும் பஞ்சம். காயம்பட்டவர்களையும் பட்டினி கிடந்தவர்களையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியருக்கு, இந்த வறண்ட மண்ணில் எதை வளர்த்தால் ஜனங்களுக்கு நாலு காசு கிடைக்கும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. கம்பெனிக்கும் லாபம் வரவேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நுங்கம்பாக்கத்தில் யாருக்கும் வேண்டாத தரிசாகக் கிடந்த நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார். இன்று அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று நினைத்தால் தலை சுற்றும்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். நம் சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயத்துக்குப் பஞ்சமே கிடையாது. கடலோர மணலில் விளையும் சாயவேரில், அதாவது இம்பூறல் வேரில், தோய்த்த துணி உலகமெல்லாம் போயிற்று. ஆனால் ஐரோப்பாவில் கம்பளித் துணிக்கும் பட்டுக்கும் பளிச்சென்ற ரத்தச் சிவப்பு தந்தது மெக்சிகோவிலிருந்து வந்த கொச்சினீல் என்ற சரக்கு. ஆங்கிலப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் அதுதான். பார்த்தால் சுருங்கிய மிளகு மாதிரி, தானியம் மாதிரி இருக்கும். அது விதையா, பூச்சியா என்றே ஐரோப்பியர் நெடுநாள் சண்டை போட்டார்கள். உண்மையில் அது கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒரு சின்னப் பெண் பூச்சியைக் காயவைத்தது. அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ 70,000 பூச்சி வேண்டும் என்பார்கள். வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்களுக்குப் பணம் கொட்டியது இதுதான் என்பதால், உயிருள்ள பூச்சியை வெளியே விடாமல் கட்டிக் காத்தார்கள். 1777-ல் தியெரி தெ மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவின் வஹாகா பகுதிக்குப் போய்ப் பூச்சியோடு கள்ளிமடல்களைக் கடத்திவந்து, கரீபியத் தீவு ஒன்றில் வளர்த்தார். அவர் கதையே தனியாக ஒரு இதழுக்கு வரும்.

பூச்சியின் வாழ்க்கை விசித்திரமானது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் பெண் பூச்சிக்கு நடமாட்டம் உண்டு. உடம்பில் மெழுகு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அடித்தால் அடுத்த செடிக்குப் பறந்து போகும். பிடித்த இடத்தில் ஊசி வாயைச் செருகிவிட்டால் அவ்வளவுதான், சாகும்வரை அங்கேயே. மேலே வெள்ளைப் பஞ்சைப் போர்த்திக்கொள்ளும். ஆண் பூச்சிக்குச் சிறகு உண்டு, தின்ன வாய் கிடையாது, சில நாளில் ஆயுள் முடிந்துவிடும். அந்தச் சிவப்பு, எறும்பு போன்ற எதிரிகள் கிட்டே வராமல் இருக்கப் பூச்சி தன் உடம்பில் சேர்த்து வைக்கும் கார்மினிக் அமிலம்.

1786-ன் கடைசியில் டாக்டர் ஆண்டர்சன் சென்னையில் ஒரு வகைப் புல்லில் இதே மாதிரி ஒரு பூச்சியைப் பார்த்தார். நசுக்கினார், சிவந்தது. ஸ்பெயினின் கஜானா தன் வாசலிலேயே கிடக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குக் கப்பல் ஆறு மாதம் எடுக்கும் காலம். பொறுக்க மாட்டாமல் அந்தக் கடிதங்களைச் சென்னையிலேயே அச்சடித்து 1788-ல் புத்தகமாகவும் வெளியிட்டுவிட்டார்.

பூச்சி அது அல்ல. அசல் கொச்சினீல் கள்ளியில்தான் வாழும், புல்லில் வாழாது. அச்சில் ஏறிய பிறகு தவறு என்று தெரிந்தால் எந்த மனிதருக்கும் முகம் சுண்டிப் போகும். ஆண்டர்சனுக்குப் போகவில்லை. சரி, அசல் பூச்சியைக் கொண்டுவருவோம், அது வருவதற்குள் அதற்குச் சாப்பாடு தயார் செய்து வைப்போம் என்று அடுத்த வேலையைத் தொடங்கினார். பேங்க்ஸுக்கும் இந்த ஆசை உண்டு என்பதால் கம்பெனியும் தலையாட்டியது. இங்கிலாந்தின் க்யூ தோட்டத்திலிருந்து நோபால் என்ற முள் குறைந்த கள்ளி வகை கப்பலேறி வந்தது. சைதாப்பேட்டையில் 1789-ல் அதற்கென்றே ஒரு தோட்டம் ஏற்பட்டது. நோபால்ரி என்று பெயர். நோபல் பரிசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆண்டர்சனின் சகோதரி மகன் டாக்டர் ஆண்ட்ரூ பெரி அதை நிர்வகித்தார். சொந்தக்காரருக்கு வேலை கொடுப்பது அன்றும் உண்டு, ஆனால் பெரி உழைப்பாளி.

ஆக, சைதாப்பேட்டையில் வரிசை வரிசையாகக் கள்ளி தயார். தின்னப் பூச்சி இல்லை. இப்படியே சில வருடம் ஓடியது. அசல் பூச்சியைக் கொண்டுவருபவருக்குக் கம்பெனி பெரிய பரிசுத் தொகை அறிவித்திருந்தது.

அந்தக் காத்திருப்பில் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பட்டுப்புழு முட்டையை வங்காளத்திலிருந்து வரவழைத்து, முசுக்கட்டைப் போத்துகளைக் கலெக்டர்கள், படை அதிகாரிகள், பாளையக்காரர்கள் என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் அனுப்பினார். வெள்ளை மெழுகு சுரக்கும் இன்னொரு பூச்சியைக் கண்டு, அந்த மெழுகை லண்டனுக்கு அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்ற வேதியியலாளர் அதை ஆராய்ந்து 1794-ல் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். அந்தப் பூச்சி இன்றும் பூச்சியியல் பட்டியலில் இருக்கிறது, ஆண்டர்சன் பெயரும் அதை ஒட்டி இருக்கிறது. ஒட்டுண்ணி மாதிரி கிளையில் அப்பிக் கிடக்கும் இந்தச் செதில் பூச்சி வகைகளை இந்தியாவில் முதலில் உட்கார்ந்து கவனித்தவர்களில் அவரும் ஒருவர் என்பது என் போன்றவன் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

1795-ல் பூச்சி வந்தது. நீல்சன் என்ற கேப்டன், கப்பல் பிரேசிலில் நின்றபோது கள்ளியில் இருந்த பூச்சியைச் செடியோடு எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே தாவரத் தோட்டத்தில் இருந்த டாக்டர் ராக்ஸ்பர்க் அதைப் பெருக்கிச் சென்னைக்கு அனுப்பினார். ஆண்டர்சனுக்கு அப்போது 57 வயது. சந்தோஷம் எப்படி இருந்திருக்கும்!

பூச்சிகளை அவர் ஆசையாக வளர்த்த நோபால் மேல் விட்டார்கள். அது பூச்சிக்கு ருசிக்கவில்லை. நம் ஊர் வேலியில் மண்டிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளிக்குத் தாவியது. தாவியது மட்டுமல்ல, அதைத் தின்றே தீர்த்தது. பூச்சி பெருகப் பெருகக் கள்ளி வாடிச் சரிந்தது. சாயத்துக்குச் சேகரித்துக் காயவைத்துக் கப்பலில் அனுப்பினார்கள்; மெக்சிகோ சரக்கின் பக்கத்தில் வைக்கவே முடியவில்லை. காரணம், இதுவும் அசல் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவு. பஞ்சு அதிகம், சாயம் குறைவு. இன்று அதற்கு டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் என்று பெயர். அசலுக்கு டாக்டிலோபியஸ் காக்கஸ். பார்வைக்கு ஒன்று போல இருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய வலி. கணினி வருவதற்கு முன், ஒரே பெயர், ஒரே தகப்பனார் முதலெழுத்து உள்ள இரண்டு பேரில் ஒருவருடைய காசோலையை இன்னொருவர் லெட்ஜரில் வரவு வைத்துவிட்டேன். அவர் அடுத்த வாரமே எடுத்துச் செலவு செய்துவிட்டார். உரியவர் மகள் கல்யாணத்துக்காக வைத்திருந்த பணம். கடைசியில் என் பண்டிகை முன்பணத்திலிருந்து ஒரு பகுதி போயிற்று, அது பெரிதல்ல. அந்தப் பெரியவர் கவுண்டர் முன் நின்ற முகம் இன்னும் மறக்கவில்லை. பெயரும் தோற்றமும் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. ஆண்டர்சனுக்கு இது இரண்டு முறை நடந்தது. முதலாவது அவர் தவறு, இரண்டாவது வேறொருவர் கொண்டுவந்த தவறு.

கம்பெனி கணக்குப் பார்த்தது. செலவு இவ்வளவு, வரவு இல்லை. பட்டுத் திட்டம் ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்தது. 1800-ஐ ஒட்டி நோபால்ரி மூடப்பட்டது. அங்கிருந்த செடிகளில் ஒரு பகுதி பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போனது. எங்கள் பாஷையில் வாராக்கடன் என்று எழுதி முடித்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் முடிக்கவில்லை. சாயம் இல்லாவிட்டால் போகட்டும், நோபால் மடலைக் காய்கறி மாதிரிச் சமைக்கலாம். பறித்தாலும் வாரக்கணக்கில் வாடாது. நீண்ட கப்பல் பயணத்தில் ஈறு வீங்கிச் சாகும் மாலுமிகளுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெக்சிகோவில் இன்றும் அது அன்றாடக் காய்கறி என்பதால் அந்த யோசனையைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் இல்லை.

1809 ஆகஸ்டில் சென்னையிலேயே காலமானார். வயது 71. சென்னை மாகாண மருத்துவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு சிலை செய்யச் சொன்னார்கள். செதுக்கியவர் சாண்ட்ரி, இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி. கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் தந்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அது இருக்கிறது. நுங்கம்பாக்கம் தோட்டம் மனையாகி, கட்டடமாகி, தெருப்பெயர் மட்டும் மிச்சம்.

ஆனால் தவறி வந்த அந்தப் பூச்சிக்கு வேறொரு கணக்கு இருந்தது. சப்பாத்திக்கள்ளி நம் நாட்டுச் செடி அல்ல. அன்னாசியைப் போல அமெரிக்காவிலிருந்து வந்தது. அன்னாசியும் நம் பால்கனிப் புரோமிலியட்டும் ஒரே குடும்பம். இப்படிக் கடல் தாண்டி வரும் செடி, தன்னைத் தின்னும் பூச்சியைப் பிறந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் கேட்பாரற்று மண்டும். கள்ளி அப்படித்தான் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. நீல்சனின் பூச்சி கள்ளியைக் கொல்வதைப் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. 1836 முதல் தென்னிந்தியாவில் கள்ளி மண்டிய இடங்களுக்கு வேண்டுமென்றே அதைக் கொண்டுபோய் விட்டார்கள். 1860-களில் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைத் திட்டமிட்டு அனுப்பியதில் உலகிலேயே முதல் நிகழ்ச்சி என்று பூச்சியியல் புத்தகங்கள் இதைத்தான் குறிக்கின்றன.

அந்தப் பூச்சிக்கு ஒரே ஒரு வகைக் கள்ளிதான் பிடிக்கும். மற்ற வகைகள் அப்படியே நின்றன. அவற்றுக்காக 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல், டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே, வந்தது. சில வருடத்துக்குள் தென் மாவட்டங்களில் பெரும் பரப்பு வெளுத்தது. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் கள்ளிப் பூச்சிகளைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். கோலியனூரில் என் தாத்தா, தான் இளைஞனாக இருந்தபோது ஏரிக்கரைக் கள்ளி முழுக்கப் பஞ்சு பூத்து, இரண்டு மழைக்குள் அழுகி, மாடு மேய்க்க வழி திறந்தது என்று சொல்வார். பாம்பும் குறைந்ததாம். யார் செய்தது என்று அவருக்குத் தெரியாது. புத்துவாயம்மன் செயல் என்பார். நம் காம்பவுண்டுக்கு வெளியே இன்று இருப்பதும் அந்த 1926 வம்சம்தான் என்பது என் ஊகம்.

எல்லாப் பூச்சியும் இப்படி உதவாது. 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பப்பாளி, முசுக்கட்டை, மரவள்ளி எல்லாவற்றையும் பிடித்தது. மருந்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எறும்பு அளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்த முறை, விடுவதற்கு முன் அது எந்தக் குளவி, எதைத் தின்னும், எதைத் தின்னாது என்று சோதித்துவிட்டு விட்டார்கள். ஆண்டர்சன் காலத்தில் அந்த வசதி யாருக்கும் இல்லை.

இனி நம் கூட்டத்துக்கு. கள்ளிப்பூச்சி கள்ளியை விட்டு வேறு செடிக்குப் போகாது. உங்கள் புரோமிலியட்டுக்கு வந்தது பெரும்பாலும் நர்சரித் தொட்டியிலேயே வந்திருக்கும். பிறகு ஒரு பால்கனியிலிருந்து இன்னொரு பால்கனிக்குக் கன்று கொடுத்தபோது பரவியிருக்கும். நானும் ஒரு கன்று வாங்கினேன், ஒளிக்கவில்லை. எனவே கள்ளிக்கு மருந்து அடிப்பது வீண் செலவு, பக்கத்தில் ஆடு மேய்கிறது, மழையில் மருந்து ஏரிக்குப் போகும். நான் எதிர்த்து வாக்களிப்பேன். தொட்டியைத் தனியே எடுத்து வைத்து, பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தாலே பாதி போய்விடும். புரோமிலியட் நடுக்குழியில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துப் புது நீர் விடுங்கள், கொசு ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கும் திருப்தி.

இன்னும் ஒன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் நீலகிரிப் பக்கம் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு இருக்கிறது. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. பழத்தோட்டக்காரர்கள் விலைக்கே வாங்கி விடுகிறார்கள். அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடு, பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். மாவுப்பூச்சி நகர்வதே தெரியாது. இது விறுவிறு என்று ஓடும். போன வாரம் ஏ பிளாக் அக்கா ஒருவர் பெரிய பூச்சி என்று பயந்து நாலைந்தை நசுக்கிப் படம் போட்டிருந்தார், அவை இந்தப் புழுக்கள்தான். ஆகவே வெள்ளையாக எதைக் கண்டாலும் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள்.